எழுபதுக்கு நாலு குறைவு

அத்தியாயம் 12

போன வாரம் விட்ட இடம் ஞாபகம் இருக்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். மற்றவர்களுக்காக நாலு வரி. நம் கதாநாயகி நகரங்களுக்கு மார்க் போடுகிறவள். ஒரு நகரம் ஸ்மார்ட் சிட்டி ஆகிற பாதையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று, நூற்றுப் பதினெட்டுக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக அளப்பது அவள் வேலை. அவளுக்கு வீட்டுக்காரர் வைத்த செல்லப் பெயர் 'இஞ்ச் டேப்'. அந்த வீட்டுக்காரர்தான் மூன்று வருடமாக வீட்டில் இல்லை. வேறொரு நகரத்தில், பஸ்களைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு அறையில், ஒப்பந்த வேலை. இந்த முறை ஆபீஸ் அவளை அளக்க அனுப்பியது அதே நகரத்துக்கு.

'இந்த மாநகராட்சியில் உங்கள் உறவினர் யாராவது வேலை செய்கிறார்களா?' என்று படிவம் கேட்டது. அவருக்குச் சம்பளம் தருவது ஒப்பந்தக் கம்பெனி, மாநகராட்சி இல்லை. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். பத்து வருட வேலையில் அவள் செய்த முதல் திருட்டுத்தனம். ஒரே ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்துவிட மாட்டோமா என்கிற ஆசையில் செய்தது.

வந்து இறங்கிய பிறகுதான் இன்னொரு விதி ஞாபகம் வந்தது. அளக்கிற மூன்று நாளும் கட்டுப்பாட்டு அறை ஆட்களைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, போன் பண்ணக் கூடாது. வழக்கமாகத் தினமும் நடக்கிற போன் பேச்சும் போயிற்று. வேலியில் போகிறதை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பது இதுதான்.

இன்று மூன்றாவது நாள். கடைசி நாள்.

காலை ஏழு மணிக்கே ஆஸ்பத்திரி முக்கு பஸ் ஸ்டாப்பில் வந்து உட்கார்ந்துவிட்டாள். மடியில் அட்டை, கையில் ஸ்டாப் வாட்ச், பக்கத்தில் தண்ணீர் பாட்டில். எதிர்க் கம்பத்தில் பதினான்காம் எண் காமிரா.

அந்தக் காமிரா முதல் நாளே அவளைப் பார்த்துத் தலையை ஆட்டியிருந்தது. இடமும் வலமுமாக, இரண்டு தடவை, மெதுவாக. காமிராக்கள் அப்படி ஆடாது. ஆட்டுகிறவர் யார் என்று அவளுக்குத் தெரியும். நூற்றுப் பதினெட்டுக் கேள்வியிலும் சரி, விதிப் புத்தகத்திலும் சரி, காமிரா தலையாட்டக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அவளும் பதிலுக்குக் கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். அவ்வளவுதான் இந்தத் தம்பதியின் மூன்று நாள் குடித்தனம்.

இதுவரை நகரம் வாங்கியிருந்த மார்க் அறுபத்தாறு. தெரு விளக்கு ஆள் வந்ததும் பிரகாசமாக எரிகிறது, முழு மார்க். குப்பைத் தொட்டி நிரம்பினால் தானே தகவல் அனுப்புகிறதா என்று பார்க்க, குழுவிலிருந்த சுகாதார நிபுணர் பழைய பேப்பரைத் திணித்துவிட்டு ஒன்றரை மணி நேரம் காவல் கிடந்தார். லாரி வந்தது, மார்க் கிடைத்தது. ரோட்டுக் குழியைப் பற்றி அவளே செயலியில் புகார் கொடுத்துப் பார்த்தாள். இரண்டே நிமிடத்தில் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று பதில் வந்தது. குழி மட்டும் அப்படியே இருந்தது. முட்டை.

பாக்கி இருப்பது ஒரே ஒரு கேள்வி. ஸ்டாப்பில் இருக்கும் மின்பலகை 'அடுத்த பஸ் ஆறு நிமிடத்தில்' என்றால், ஆறு நிமிடத்தில் பஸ் வருகிறதா? இருபது பஸ்ஸில் பதினெட்டு சரியாக வந்தால் ஐந்து மார்க். ஒன்று குறைந்தாலும் ஒன்றும் கிடையாது.

எழுபது வந்தால் நகரம் அடுத்த கட்டத்துக்குப் போகும். கட்டுப்பாட்டு அறை இன்னும் மூன்று வருடம் ஓடும், அவரும் இங்கேயே இருப்பார். எழுபது வராவிட்டால் அடுத்த மாதமே அறையை மூடிவிட்டு, ஆட்களைப் பழைய ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர் வீட்டுக்கு வந்துவிடுவார்.

வரட்டுமே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. வெட்கமில்லாமல் அடித்துக்கொண்டது.

முதல் பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது. இரண்டாவதும் வந்தது. எட்டரைக்குள் ஒன்பது பஸ், ஒன்பதும் அரை நிமிடம்கூடப் பிசகவில்லை.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. பதினேழு நகரத்தில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தவள் அவள். சிக்னல் இருக்கிறது, மழை இருக்கிறது, சில்லறை தேடுகிற பயணி இருக்கிறார். ஓடுகிற பஸ் இவ்வளவு ஒழுங்காக வரவே வராது.

பத்தாவது பஸ்ஸிலிருந்து ஒரு நர்ஸ் குதித்து இறங்கினாள். இறங்கும்போதே திட்டிக்கொண்டு இறங்கினாள்.

"முந்தின ஸ்டாப்ல நாலு நிமிஷம் சும்மா நிக்க வைக்கிறானுங்க! கேட்டா ஆர்டராம். என் டியூட்டிக்கு இவன் ஆர்டர் போடறானா?"

"தினமுமா நிக்குது?" என்று இவள் கேட்டாள்.

"ஒரு மாசமா இதே கதைதாங்க. முன்னெல்லாம் பஸ் எப்ப வரும்னு தெரியாது, ஏறினா போயிடும். இப்ப எப்ப வரும்னு கரெக்டா தெரியுது, ஏறினா போக மாட்டேங்குது!" என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் ஆஸ்பத்திரிக்குள் ஓடிவிட்டாள்.

அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் பதினொரு நிமிடம் என்றது பலகை. முந்தின ஸ்டாப் நானூறு மீட்டர்தான். விறுவிறுவென்று நடந்தாள்.

பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறுகிறவர்கள் ஏறியாயிற்று, இறங்குகிறவர்கள் இறங்கியாயிற்று. கதவு திறந்தே கிடக்க, டிரைவர் ஸ்டீயரிங் மேல் கையைக் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் அண்ணே நிக்கறீங்க?"

"மேல இருந்து சொல்லணும்மா. சொன்னாத்தான் எடுப்பேன்."

அவர் தலைக்கு மேல் இருந்த ஒயர்லெஸ் கரகரத்தது. "நாப்பத்தேழு, இன்னும் ஒரு நிமிஷம் இருங்க... இருங்க... ம், இப்ப விடுங்க."

அவள் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அது அவர் குரல். மூன்று நாளாகக் கேட்காத குரல். அந்த 'ம்'மை எங்கே கேட்டாலும் அவளுக்குத் தெரியும். வீட்டில் சட்டைப் பித்தான் தைத்துக் கொடுத்தால் அப்படித்தான் சொல்வார். கோபம் வருவதற்கு முன்னால் உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் பரவியதை அவளால் தடுக்க முடியவில்லை.

கோபம் அதே பஸ்ஸில் ஏறித் திரும்பி வரும்போது வந்தது. குட்டு இதுதான். பலகையில் இரண்டு மூன்று நிமிடம் கூட்டிப் போட்டுவிடுவது. பஸ் முன்னாலேயே வந்துவிட்டால் முந்தின ஸ்டாப்பில் பிடித்து வைத்து, பலகை சொன்ன நேரத்துக்கு அவிழ்த்து விடுவது. கேள்வி கேட்பது பலகை சரியா என்றுதான். பஸ்ஸுக்குள் இருக்கிறவர்கள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்கள் என்று எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. இப்படி ஒரு யோசனை வேறு யாருக்கும் வராது. மார்க் போடுகிறவளோடு பதிமூன்று வருடம் குடித்தனம் நடத்தியவருக்குத்தான் வரும்.

அப்படியானால் எழுபது வர வேண்டும் என்று பாடுபடுகிறவர் அவரேதான். இன்னும் மூன்று வருடம் இங்கேயே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் அவரேதான்.

ஸ்டாப்பில் வந்து உட்கார்ந்தாள். காமிராவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பதினோரு மணிக்கு இருபதாவது பஸ் வந்தது. இருபதுக்கு இருபது.

மத்தியானம், அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்த மகள் போன் செய்தாள். ஒன்பது வயது. வீட்டில் 'வாலு' என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை.

"அம்மா, அப்பாவப் பாத்தியா?"

"இல்லடி. பாக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல."

"சரி, எவ்ளோ மார்க் போட்ட?"

"இன்னும் முடியல. அதெல்லாம் உனக்கெதுக்கு?"

"நீ கம்மியா போட்டா அப்பா வந்துடுவாராமே! அப்ப முட்டை போடேன்மா."

"யாரு சொன்னது உனக்கு?"

"பெரியம்மா பெரியப்பாகிட்ட சொன்னாங்க. நான் தூங்கற மாதிரி படுத்திருந்தேன்." பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள்: "போன வருஷம் அப்பா பதினோரு தடவதான் வந்தாரு. நான் காலண்டர்ல எழுதி வச்சிருக்கேன். நானும் உன்ன மாதிரி அளக்கறேன்."

"அப்புறம் பேசறேன் கண்ணு" என்று வைத்துவிட்டாள்.

முட்டை போடுவதுதான் நியாயம். பிடித்து வைத்த பஸ்ஸுக்கு மார்க் கிடையாது. எந்த ஊராக இருந்தாலும் அவள் அப்படித்தான் போட்டிருப்பாள். நியாயமான மார்க்கும் அவள் ஆசைப்பட்ட மார்க்கும் ஒன்றாகவே இருந்தன. பழம் நழுவிப் பாலில் விழுந்திருந்தது. ஆனால் பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை. இது நியாயத்துக்காகப் போடுகிற முட்டையா, அவரை வீட்டுக்கு இழுத்துவரப் போடுகிற முட்டையா என்று அவளுக்கே தெரியவில்லை. தெரியாத கையால் மார்க் போடக் கூடாது.

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள். ஆனாலும் எழுந்து போகவில்லை. வெயில் பெஞ்சின் மேல் ஏறி, முழங்காலுக்கு வந்து, மறுபடி இறங்கியது. நாலரை மணிக்குத்தான் எழுந்தாள்.

குழுத் தலைவி லாட்ஜ் வரவேற்பறையில் டீயும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு மார்க் கூட்டிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு.

"வாம்மா. பஸ் என்னாச்சு? அறுபத்தாறா, எழுபத்தொண்ணா?"

"மேடம், கட்டுப்பாட்டு அறைல காலை ஷிஃப்ட் பாக்கறவர் என் வீட்டுக்காரர்."

தலைவி பிஸ்கட்டை டீயில் நனைத்தவர் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். பிஸ்கட் கரைந்து உள்ளே விழுந்துவிட்டது.

"படிவத்துல இல்லைன்னு எழுதியிருந்தியே?"

"ஒப்பந்த ஆளு, மாநகராட்சி இல்லன்னு நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன் மேடம். தப்புதான்."

"தப்புன்னு தெரிஞ்சுதானே வந்த? எதுக்கு?"

"பாக்கணும்போல இருந்துச்சு மேடம்."

"பாத்தியா?"

"இல்ல. அவர்தான் பாத்தாரு. காமிராவுல."

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"மேடம், அந்தப் பஸ் விஷயம் இன்னொண்ணு சொல்லணும். அதுல..."

"சொல்லாதே!" கையை உயர்த்தித் தடுத்தார். "நீ பாத்தது எதுவும் இனிமே கணக்குல சேராது. சொன்னாலும் நான் எழுத முடியாது, கேட்டா என் கண்ணும் கெட்டுப் போகும். நாளைக்கு விடிஞ்சதும் அந்த ஸ்டாப்ல நானே போய் உக்காந்து முதல்லேர்ந்து பாக்கறேன். அடையாள அட்டையக் குடு. ஆபீஸுக்கு நான் எழுதித்தான் ஆகணும், அது உனக்கே தெரியும். ஆறேமுக்கால் ரயில்ல கிளம்பு."

அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். படியிறங்கும்போது தலைவி பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"இந்த நிமிஷத்துலேர்ந்து நீ எங்க குழுல இல்ல. புரியுதா? குழு ஆளுங்களுக்குத்தான் விதியெல்லாம்."

புரிந்துகொள்ள அவளுக்கு அரை நிமிடம் ஆனது. புரிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள்.

கட்டுப்பாட்டு அறை பழைய தபால் ஆபீஸ் கட்டடத்தின் இரண்டாவது மாடி. அவர் ஷிஃப்ட் இரண்டு மணிக்கே முடிந்திருக்க வேண்டும். காவலாளி நோட்டை நீட்டினார். 'பெயர்', 'அலுவலகம்', 'யாரைப் பார்க்க', 'உறவு'. அலுவலகத்துக்கு ஒரு கோடு போட்டாள். உறவுக்கு எதிரே 'மனைவி' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

"சார் இன்னிக்கு ரெண்டு ஷிஃப்ட்டும்மா. ஆறு மணி வரைக்கும் இருப்பாரு. மாத்தி விட வந்த தம்பியத் திருப்பி அனுப்பிட்டாரு."

அறையில் வரிசையாகத் திரைகள். எல்லாவற்றுக்கும் நடுவில் பதினான்காம் காமிராவின் திரை. காலி பெஞ்ச் தெரிந்தது. அந்தத் திரைக்கு முன்னால் அவர் முதுகு தெரிந்தது. காதுக்கு மேலே நரைத்திருந்தது. போன தடவை இவ்வளவு இல்லை.

"என்னங்க."

திரும்பினார். நாற்காலி இடித்து விழுந்தது. எடுத்து நிறுத்தத் தோன்றாமல் நின்றார்.

"நீ வரக் கூடாதே! விதி..."

"நான் இப்ப குழுல இல்ல. அட்டையக் குடுத்துட்டு வந்துட்டேன். ஆறேமுக்கால் ரயில்ல கிளம்பணும்."

"ஏன்?"

"பஸ்ஸப் பிடிச்சு வைக்கிறது நீங்கதானே?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர்; சொல்ல ஆரம்பித்தால் காதுமடல் சிவந்துவிடும். இப்போதே சிவந்திருந்தது.

"இன்னும் மூணு வருஷம் எங்களை விட்டுட்டு இருக்கறதுக்கு இவ்வளவு பாடா? ஒரு நர்ஸ் காலைல உங்களத் திட்டிக்கிட்டே ஓடினாங்க. எனக்கு உறைக்குது, உங்களுக்கு உறைக்கலையா?"

"விட்டுட்டு இருக்கறதுக்கா?" அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். குடியிருப்பு ஒதுக்கீட்டு விண்ணப்பம். 'குடும்பத்தில் எத்தனை பேர்' என்ற இடத்தில் மூன்று என்று எழுதியிருந்தது. "ஒப்பந்தம் நீடிச்சா குவார்ட்டர்ஸ் தராங்க. ரெண்டு ரூமு. அங்கேர்ந்து ஸ்கூல் நடக்கற தூரம்தான். எழுபது வரட்டும், சாவியோட வந்து உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துடலாம்னு இருந்தேன்."

அவள் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா மாட்டேன்னுடுவ."

சொல்லியிருப்பாள். வேலை, வாலுவின் பள்ளிக்கூடம், அக்கா வீடு என்று பத்துக் காரணம் அடுக்கியிருப்பாள். தெரிந்துதான் அவர் கேட்கவில்லை. அவரை வீட்டுக்கு இழுக்க அவள் ஒரு பக்கம், அவளை இங்கே இழுக்க அவர் ஒரு பக்கம். மூன்று வருடமாக இரண்டு பேரும் பேச்சு மூச்சில்லாமல் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"இருபது பஸ்ஸும் பதினோரு மணிக்கே முடிஞ்சு போச்சு. அப்புறமும் நாலரை மணி வரைக்கும் அந்த வெயில்ல ஏன் உக்காந்திருந்த?" என்று அவர் கேட்டார்.

"எழுந்தா காமிராவுக்கு வெளிய போயிடுவேனே."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளும் ஜன்னல் பக்கம் பார்த்தாள். பக்கத்து மேஜைக்காரர் நாகரிகமாக எழுந்து வெளியே போய்விட்டார்.

ஒயர்லெஸ் கரகரத்தது. "சார், நாப்பத்தேழு. நிக்கறேன். மூணு நிமிஷம் ஆச்சு, உள்ள சத்தம் போடறாங்க. விடட்டுமா?"

பலகையில் இன்னும் இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. அவர் அவளைப் பார்த்தார். நாளைக் காலையில் தலைவி அதே பெஞ்சில் வந்து உட்காரப்போவது அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லக் கூடாது. அவள் சொல்லவில்லை. 'விடுங்கள்' என்றும் சொல்லவில்லை, 'பிடியுங்கள்' என்றும் சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"சார்?"

அவர் பொத்தானை அழுத்தினார். "விடுங்க. இனிமே நிறுத்த வேணாம். யாரும் நிறுத்த வேணாம். வர்ற நேரத்துக்கு வாங்க."

பதினான்காம் திரையில் பஸ் வந்து நின்றது. பலகை இன்னும் இரண்டு நிமிடம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் பலகையையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

"போச்சு" என்றார் அவர் மெல்ல. "நீ குழுல இல்ல, இனிமே வேற யாரு வந்து அளந்தாலும் எழுபது வராது. அடுத்த மாசம் நான் பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துடுவேன். அதானே நீ கேட்ட?"

அதுதான் கேட்டாள். மூன்று வருடமாகத் தினமும் அதைத்தான் கேட்டாள். இப்போது சந்தோஷமாகக் குதித்திருக்க வேண்டும். கையிலிருந்த தாளை மடிக்க மனசு வராமல், அந்த 'மூன்று' என்ற எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வீட்டக் காட்டுங்க."

"எந்த வீட்ட?"

"நமக்குக் கிடைக்காமப் போகப்போற வீட்ட."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஷிஃப்ட் முடிய இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. அப்புறம் உன் ரயிலு..."

அவள் விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி, அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"மூணு வருஷம் இருந்துட்டேன். இருபது நிமிஷம் இருக்க மாட்டேனா?"